மாமனார் உபயக் கல்

ஜூலை 22, திங்கள்

இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு ரேடியோ பார்க்குக்கு நடக்கப் போனேன். குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் எட்டிப் பார்க்கிற மாதம் இது. குடை கொண்டு போனால் பெய்யாது, விட்டுவிட்டுப் போனால் பெய்யும். இன்று கொண்டு போனேன்.

பேரூராட்சியில் பூங்காவைப் புதுப்பிக்கிறார்கள். பாதையெல்லாம் சிமெண்டுக் கல் பதித்து, புது ஊஞ்சல் மாட்டி, சுதந்திர தினத்தன்று திறக்கப் போகிறார்களாம். அதற்காகப் பழைய கல்லையெல்லாம் பிடுங்கிக் குளத்தங்கரையில் கொட்டப் போவதாக வாட்ச்மேன் சொன்னார். பழைய கல் என்றால் எது எது என்று கேட்டேன். எல்லாந்தான் ஆச்சி என்று என் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என் கல் என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஊருக்கே ரேடியோ போட்ட ரேடியோ ரூமுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், முழங்கால் உயரத்துக்குச் சதுரமாக நிற்கிறதே, அது என் மாமனார் மருதமுத்து இந்தப் பூங்காவுக்குக் கொடுத்த உபயம். கல்யாணமாகி வந்த புதிதில் என்னை ரேடியோ கேட்கக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவர் தன் வாயாலே சொன்னது. அவர் என்றால் என் வீட்டுக்காரர். பெயர் எழுத மாட்டேன். அன்றிலிருந்து பூங்காவில் நான் வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. அவர் போன பிறகும் அப்படித்தான்.

எங்கள் ஊரில் தண்ணீர்ப் பானைக்கு வைத்த தம்ளரில்கூட உபயம் என்று போட்டுப் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் கல்லில் பெயர் தெரியாது. மாமனார் பெயருக்கு ஆசைப்படாதவர் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனால் பெயிண்டுக்கு அடியில் இருந்தாலும் இருக்கும். எந்தப் பெரிய ஆள் ஊருக்கு வந்தாலும் பூங்காவில் அசையாத எல்லாவற்றுக்கும் பெயிண்டு அடித்துவிடுவார்கள். இப்போது நீலம்.

எதிரில் இருக்கிற சிமெண்டு பெஞ்சு என் சம்பந்தி வீட்டு உபயம். சண்பகவடிவு டீச்சர், என் மருமகளின் அம்மா. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று அடுத்த தெருவிலேயே வீடு பார்த்து வந்துவிட்டார். 'உபயம்: ஆவுடையப்பன், தலைமை எழுத்தர் (ஓய்வு)' என்று காலமான அவர் வீட்டுக்காரர் பெயர் பெஞ்சு முதுகில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நடக்க வருகிற பெண்கள் அத்தனை பேரும் அதில்தான். இன்றும் டீச்சர் இடம் விட்டு நகர்ந்து, வாங்க சம்மந்தியம்மா என்றார். எங்க மாமனார் கல்லு இருக்கு எனக்கு என்றேன். தினமும் அவர் கூப்பிடுவதும் நான் இதைச் சொல்வதும் வழக்கம்.

ஜூலை 23, செவ்வாய்

மிளகாய் வற்றல் காயவில்லை. சாரல் விட்டபாடில்லை. கல்லைப் பற்றியே நினைப்பு.

ஜூலை 24, புதன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மண் அள்ளும் வண்டி வந்துவிட்டது. பாதை ஓரத்துக் கல்லையெல்லாம் பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கிக்கொண்டே ரேடியோ ரூம் பக்கம் வந்தது. நான் கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வண்டி ஓட்டுகிறவன் ஹாரன் அடித்தான். நான் குடையை விரித்தேன். அவன் இறங்கி வந்து, ஆச்சி, எந்திரிங்க, வேலை கெடுது என்றான். எந்த வேலை என்று கேட்டேன். கல்லை எடுக்கிற வேலை என்றான். அப்படியானால் என்னையும் சேர்த்து எடு என்றேன். அவன் காண்டிராக்டருக்குப் போன் போட்டான். காண்டிராக்டர் கவுன்சிலருக்குப் போட்டார். சம்பந்தியின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. சிரிக்காமல் இருந்தது டீச்சர் மட்டும்தான். எழுந்து வந்து ஒரு தம்ளரில் காபி ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிளாஸ்க்கில் எப்போதும் கொண்டு வருவார். சர்க்கரை அதிகம். இருந்தாலும் குடித்தேன்.

காண்டிராக்டரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கவுன்சிலர் செய்யதலி ஸ்கூட்டரில் வந்தார். என் மகனோடு படித்தவர், எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்ட பிள்ளை. "பெரியம்மா, நீங்க உக்காந்திருக்கும்போது உங்க மேலயே வண்டிய விடச் சொல்லுவேன்னு நெனச்சீங்களா?" என்றார். மாமனார் உபயம் என்று சொன்னேன். மாமனார் கொடுத்ததற்கு ஏதாவது ஆதாரம் என்று காண்டிராக்டர் முனகினார். என் வீட்டுக்காரர் சொன்னார், அதுதான் ஆதாரம் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. கல்லைச் சுற்றிப் பாதையை வளைத்துப் போடச் சொல்லிவிட்டார் செய்யதலி.

வண்டி போகும்போது அந்தப் பையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோவிலில் கூழ். திரும்பி வரும் வழியில் செய்யதலி வண்டியை நிறுத்தி இன்னொரு நல்ல சேதி சொன்னார். இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றிய கல்லுக்குப் பெயர் இல்லாமல் இருப்பது நன்றாயில்லையாம். திறப்பு விழாவுக்குள் கருப்புக் கல்லில் 'உபயம்: மருதமுத்து' என்று வெட்டி, என் கல்லில் பதித்துத் தருவாராம். கல்வெட்டுக் கடைக்காரரிடம் சொல்லியும் விட்டாராம்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனந்தம்தான், வேறென்ன.

கோவிலிலிருந்து வீடு வருவதற்குள் இதை நான் யார் யாரிடம் சொன்னேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் போதாது. டீச்சர் வீட்டு வழியாக வர வேண்டிய அவசியமில்லை. அந்த வழியாகத்தான் வந்தேன். அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, ரொம்ப சந்தோஷம் என்றார். உண்மையாகச் சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது.

சென்னையில் படிக்கிற பேத்தி யாழினிக்குப் போன் போட்டேன். "கல்லுக்கே கல்வெட்டா ஆச்சி?" என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

ஜூலை 29, திங்கள்

பூங்காவுக்குச் சர்வேக்காரர்கள் வந்திருக்கிறார்கள். முக்காலியில் வைத்த கண்ணாடி, சிவப்பு வெள்ளைக் கோல். அவர்களுக்கு மேலதிகாரி ஒரு பெண். பிரிசில்லா என்று பெயர். யாழினியைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். தலையில் தொப்பி, காலில் ஆண்கள் போடுகிற பூட்ஸ். எனக்குப் பிடித்திருந்தது.

குளம் நிரம்பினால் கீழத்தெருவுக்குள் தண்ணீர் வருகிறதல்லவா, அதற்குப் புது வடிகால் வெட்டப் போகிறார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க ஊரின் மேடு பள்ளத்தை அளக்க வேண்டும். அளப்பதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த இடத்தில் ஒரு மட்டக்கல் நட்டிருக்கிறானாம். கடலுக்கு மேலே அது எவ்வளவு உயரம் என்று கணக்கு இருக்கிறதாம். புளியமரத்துக்குக் கிழக்கே என்று அடையாளம் சொல்லியிருக்கிறது, இப்போது புளியமரமே இல்லை. கல்லில் ஒரு படுக்கைக் கோடு இருக்கும், கோட்டுக்குக் கீழே கோழிக்கால் மாதிரி ஓர் அம்புக்குறி என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

என் பக்கம் வந்து, இது என்ன கல்லு ஆச்சி என்றாள்.

"இது எங்க மாமனார் உபயம்மா. இதுக்குக் கல்வெட்டு வருது. சுதந்திர தினத்தன்னிக்கு வந்து பாரு."

அவள் சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள்.

வெயிலில் அலைகிறாளே என்று மத்தியானம் மோர் கொண்டு போய்க் கொடுத்தேன். அந்தக் கல் கிடைக்காவிட்டால் தூரத்தில், ஆற்றுப் பாலத்துக் கல்லிலிருந்து மட்டம் பிடித்துக்கொண்டு வர வேண்டுமாம். நாள் கூடும், வேலை இழுக்கும், மழைக்காலத்துக்குள் வடிகால் முடியாது என்றாள். கட்டாயம் கிடைக்கும், கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னேன்.

ஜூலை 30, செவ்வாய்

கொடிக்கம்பத்தடியில் ஒரு பழைய கல் உண்டு என்று டீச்சர் சொன்னாராம். அங்கே தோண்டினார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். கல் வந்தது. உடைந்த ஆட்டுரல். யார் வீட்டு மாவை அதில் ஆட்டினார்களோ. டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. படித்தவர்கள் தப்பாகச் சொன்னால் நமக்கு ஒரு மாதிரி இனிப்பாக இருக்கிறது. அப்படி எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஆகஸ்டு 1, வியாழன்

கல்வெட்டுக் கடைக்காரர் வந்து அளவு எடுத்தார். பெயிண்டின் மேல் சிமெண்டு பிடிக்காதாம். ஒரு பக்கத்தைச் சுரண்டி வையுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேறு யாரிடமும் விட எனக்கு மனமில்லை. வீட்டிலிருந்து பழைய தோசைக்கரண்டியை எடுத்துப் போனேன்.

நீலம் போனது. அடியில் மஞ்சள். அதற்கு அடியில் பச்சை. பச்சை அடித்த வருஷம்தான் மகனுக்கு வேலை கிடைத்தது. அதற்கும் அடியில் சுண்ணாம்பு, அடை அடையாகப் பெயர்ந்தது. மாமனார் பெயரில் முதல் எழுத்து 'ம' எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே சுரண்டினேன்.

ஏதோ கோடு தெரிந்தது. கல் என்றால் கோடு இருக்கத்தான் செய்யும்.

வெயில் ஏறிவிட்டதால் பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஈர மண் கிடந்தது. சுரண்டிய இடத்தில் கொஞ்சம் அப்பினேன், கல்லுக்குக் குளிர்ச்சி. பிரிசில்லா தூரத்தில் நின்று கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

தோசைக்கரண்டி முனை மழுங்கிப் போய்விட்டது. அதுதான் வருத்தம்.

ஆகஸ்டு 2, வெள்ளி

நடக்கப் போகவில்லை. முழங்கால்.

ஆகஸ்டு 3, சனி

இன்றும் போகவில்லை. ராத்திரி முழுக்கச் சாரல். மண்ணெல்லாம் கரைந்திருக்கும்.

பருப்புப் புடைத்தேன், புடைத்த பருப்பையே மறுபடி புடைத்தேன். மருமகள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். கையில் முறுக்குப் பொட்டலம். முழங்காலுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எந்த முழங்கால் என்று கேட்டுவிட்டேன், பிறகு இடதைப் பிடித்துக்கொண்டேன். பூங்காச் சேதியெல்லாம் சொன்னார். சர்வேக்காரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையாம். திங்கட்கிழமையோடு பெட்டி கட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்குப் போகிறார்களாம். எழுந்து போகும்போது, "உங்க கல்லு பத்திரமா இருக்கு சம்மந்தியம்மா. நான் பாத்துக்கிட்டேன். நீங்க அலட்டிக்காதீங்க" என்றார்.

முறுக்கை என்னிடம் நீட்டும்போது பார்த்தேன், டீச்சர் நகக்கண்ணிலெல்லாம் நீலப் பெயிண்டு. வீட்டில் ஜன்னலுக்கு அடிக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்டு 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அவருக்குப் படையல்.

பூசணிக்காய், அவரைக்காய், பாசிப்பருப்புப் பாயசம், வடை எல்லாம் வைத்தேன். வாழைக்காய்ப் பொரியல் மட்டும் இல்லை. சந்தையில் கிடைக்கவில்லை என்றேன். கூடையில்தானே கிடக்கிறது அத்தை என்றாள் மருமகள். பிஞ்சாக இருக்கிறது என்றேன். வாழைக்காய் அவருக்கு உயிர். நாற்பத்து மூன்று வருஷம் பொரித்துப் போட்ட கை இது. இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபப்பட இதைவிட்டால் வேறு என்ன வழி இருக்கிறது.

காக்கை வந்து, ஒன்றும் குறையாத மாதிரி எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது.

எல்லோரும் தூங்கப் போனபிறகு படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டே கேட்டேன். எதுக்குச் சொன்னீங்க என்று.

பிறகு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்ன, மறந்தால்தானே. எழுதினதில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஒரு வாரம் ஆகியிருக்கும். ரேடியோ கேட்க என்னைப் பூங்காவுக்குக் கூட்டி வந்தார். ஒரு பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கடலை வாங்கப் போனார். நான் பட்டுச்சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி, கூட நாலு பேரோடு வந்தாள். ஏ பிள்ளே, எந்திரி, முதுகுல எங்க ஐயா பேரு இருக்கு தெரியலயா, வாசிக்கத் தெரியாதா என்றாள். எனக்கு வாசிக்கத் தெரியும். அஞ்சாங்கிளாஸில் நான்தான் முதல். அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து நின்றேன். சுற்றிலும் ஆட்கள், ரேடியோவில் செய்தி. இவர் கடலையோடு வந்து என்னையும் பெஞ்சையும் பார்த்தார். சண்டைக்குப் போகவில்லை. அவருக்குச் சண்டை போடத் தெரியாது. வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய், அந்தக் கல்லைத் துண்டால் தட்டி, "இது எங்கப்பா போட்ட கல்லு. உன்னைய எந்திரின்னு சொல்ல இந்த ஊர்ல ஒருத்திக்கும் வாய் கெடையாது. உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அரசி மாதிரி உட்கார்ந்தேன்.

கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிமிஷத்தில் யோசித்திருக்கிறார் மனுஷர். என்ன கெட்டிக்காரத்தனம். மாமனார் ஒரு செங்கல்கூட யாருக்கும் சும்மா கொடுத்தவரில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன.

அடுப்பைப் பற்றவைத்து வாழைக்காய் பொரித்தேன். நேரம் தப்பி வைத்தால் போய்ச் சேருமோ சேராதோ. வைத்தேன்.

ஆகஸ்டு 5, திங்கள்

விடிந்ததும் பூங்காவுக்குப் போனேன். முழங்கால் நன்றாக இருக்கிறது.

என் கல்லில் சுரண்டின அடையாளமே இல்லை. புதிதாக நீலம் அடித்திருந்தது. ஒரே பக்கம் மட்டும், பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிக்கிற மாதிரி நேர் நேராக. டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். நேற்றைய தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மண் கரைந்து கோடு தெரிந்ததை அவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல், என் மானத்துக்குப் பெயிண்டு அடித்திருக்கிறார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பதினைந்தாம் தேதி கல்வெட்டு வரும், மாமனார் பெயர் ஊருக்குத் தெரியும், பிரிசில்லா பாலத்துக்குப் போவாள், கீழத்தெருக்காரர்கள் இந்த மழைக்கும் கட்டிலை உயர்த்தி வைத்துக்கொள்வார்கள்.

நடக்க வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். செய்யதலியும் காண்டிராக்டரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரிசில்லாவின் ஆட்கள் கோலை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வேண்டுமென்றுதான் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகக் கூப்பிட்டேன். ரகசியமாகச் சொன்னால் அது எனக்கு இன்னும் கேவலம்.

"பிரிசில்லா, இங்கன வா. இந்தப் பெயிண்டைச் சுரண்டு."

செய்தித்தாள் கீழே இறங்கியது. "சம்மந்தியம்மா, இந்தச் சாரல்ல பெயிண்டு இன்னும் காயல. கையில ஒட்டும்" என்றார் டீச்சர்.

"ஒட்டட்டும் டீச்சர். உங்க கையில ஒட்டலயா?"

டீச்சர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

பிரிசில்லா துணியால் துடைத்தாள். ஈரப் பெயிண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. முதலில் கோடு, பிறகு கோழிக்கால். அந்தப் பெண் அப்படியே சேற்றில் மண்டியிட்டுவிட்டாள். விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிரசவத்துக்குப் பிறகு பிள்ளையின் விரலை எண்ணிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அவளுடைய ஆட்கள் கட்டிய மூட்டையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பூங்காவே கூடிவிட்டது.

இது நட்டு நூறு வருஷத்துக்கு மேலே இருக்கும், பூங்கா வருவதற்கு எவ்வளவோ முன்னால் என்றாள் பிரிசில்லா. சொன்ன பிறகுதான் அவளுக்கு நான் சொன்னது நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். செய்யதலி தலையைச் சொறிந்தார்.

டீச்சர் எழுந்து வந்தார். "அவுக மாமனாரோட அப்பா காலத்துல குடுத்திருப்பாவ. குடும்பத்துல அப்படிச் சொல்லி வாரதுதான" என்றார். வகுப்பில் பேசுகிற குரல். யாரும் எதிர்த்துக் கேட்க முடியாத குரல். எனக்காக அந்தக் குரலை எடுத்திருக்கிறார்.

பிடித்துக்கொள்ள ஒரு கயிறு போட்ட மாதிரி இருந்தது. பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"இல்ல டீச்சர். எங்க மாமனாரு குடுக்கல, அவுக அப்பாவும் குடுக்கல. எங்க வீட்டுக்காரரு எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காவ. நானும் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிட்டேன்."

சொல்லி முடிக்கவும் எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஏன் பொய் சொன்னார் என்று ஒருத்தி கேட்டாள். சொன்னேன். பெஞ்சு, பெரிய வீட்டு அம்மாள், கடலை எல்லாம் சொன்னேன். நேற்று இந்த டைரியில் எழுதிப் பழகியது நல்லதாகப் போயிற்று, தடங்கல் இல்லாமல் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். எங்க வீட்டுக்காரரும் பொய் சொல்லுவார், இந்த மாதிரி ஒண்ணுக்கும் உதவாத பொய்யி என்றாள் ஒருத்தி.

வண்டிக்காரன் அன்றைக்குப் பிடுங்கியிருந்தால் இந்தக் கல் போயே போயிருக்கும் என்றாள் பிரிசில்லா. ஓர் அங்குலம் அசைந்திருந்தாலும் அதற்குப் பிறகு அது வெறும் கல்தானாம். டீச்சர் காண்டிராக்டரைப் பார்த்து, "அப்ப எங்க சம்மந்தி வீட்டுக்காரரு சொன்ன பொய்யிலதான் கல்லு தப்பிச்சிருக்கு. பாத்துக்கிடுங்க" என்றார். காண்டிராக்டர் பாதையைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். இனிமேல் இதில் உட்காரலாமா என்று பிரிசில்லாவிடம் கேட்டேன்.

"தாராளமா உக்காருங்க ஆச்சி. அசைக்கத்தான் கூடாது."

பெரியம்மா உட்கார்ந்தால் எவன் அசைப்பான் என்று செய்யதலி சொன்னதற்கு ஒரே சிரிப்பு. கருப்புக் கல்லில் இனி என்ன எழுத என்று அவர் கேட்டார். இது என்ன கல், எதற்கு வைத்தது, அதை எழுது, ஊருக்குத் தெரியட்டும் என்றேன். யார் காப்பாற்றியது என்று கீழே ஒரு வரி போட்டால் நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை என்றும் சொல்லி வைத்தேன். வெள்ளத்தாய் என்ற என் பெயரில் 'ள்' விட்டுவிடக் கூடாது.

ஆட்கள் அளக்கத் தொடங்கிவிட்டதால் கல்லில் கோலை நிறுத்திவிட்டார்கள். எனக்கு நின்று நின்று கால் கடுத்தது. டீச்சர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தட்டினார்.

"இப்படி வாங்க மதினி."

சம்மந்தியம்மா போய் மதினி வந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன். முதுகில் ஆவுடையப்பன் பெயர் பட்டது. காபி ஊற்றினார். இன்றும் சர்க்கரை அதிகம்.

மற்றவர்கள் அளக்கிறதைப் பார்க்கப் போன பிறகு, டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "மதினி, ஒண்ணு சொல்லுதேன். இந்தப் பெஞ்சு எங்க வீட்டு சாரு உபயம் கெடையாது. பிச்சைக்காரன் வாசலுக்கு வந்தா டிவியை அணைச்சிட்டு வீட்டுல ஆளே இல்லாத மாதிரி உக்காந்திருப்பாவ. அவுக போனபிறகு நாலு பேரு நல்லதா ஒரு வார்த்தை சொல்லட்டுமேன்னு நானாத்தான் போட்டேன்."

"பிறகு எதுக்கு அவுக பேரை எழுதினிய?"

"ஏன், உங்க வீட்டுக்காரரு மட்டுந்தான் பொய் சொல்லணுமா?"

காபி என் மூக்கில் ஏறிவிட்டது. டீச்சர் என் முதுகில் தட்டினார், தட்டிக்கொண்டே அவரும் சிரித்தார். அந்த நீல நகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்த பிரிசில்லா தலையைத் தூக்கி, என்ன ஆச்சி, எங்ககிட்டயும் சொல்லுங்க என்றாள். நடக்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்து, என்ன என்ன என்று கேட்டார்கள். எங்க வீட்டு விஷயத்தை ஊருக்கே சொல்லியாச்சு, இது வேற வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இங்கேயும் எழுதியிருக்கக் கூடாது. யாழினி லீவுக்கு வந்தால் இதைத்தான் முதலில் எடுத்துப் படிப்பாள். டீச்சர் அவளுக்கு ஆச்சி, ஆவுடையப்பன் தாத்தா. கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். பின்பக்கத்தில் நான் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னதெல்லாம் இருக்கிறது. அதைக் கிழிக்கக் கை வரவில்லை.

இந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிட வேண்டியதுதான். சோற்றுப் பருக்கை நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.